ஆக்டோபஸ் ஆறும் வரை

20 அக்டோபர், ஞாயிறு

இன்று மாலை தில்லைநகரில் மழைக்கு ஒதுங்கினேன். ஒதுங்கிய இடம் இரண்டாவது மாடியில் இருந்தது. கீழே மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் முன்னால் நல்ல அகலமான கூரைகள் உண்டு. ஆனால் அங்கே ஏற்கெனவே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். எனக்கு நெரிசல் ஒத்துக்கொள்ளாது.

மேலே ஏறிய பிறகுதான் அது பச்சை குத்தும் கடை என்று தெரிந்தது. 'கொடி டாட்டூஸ்' என்ற பலகை, மழையிலும் வாசிக்கக்கூடிய விளக்கு எழுத்தில், தெருவைப் பார்த்தே இருக்கிறது. ஏறும்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

ஒரு கடையில் ஒதுங்கிவிட்டு ஒன்றும் வாங்காமல் வருவது நாகரிகம் அல்ல.

"என்ன சார் போடணும்?" என்று கடைக்காரப் பெண் கேட்டாள்.

"என்னென்ன இருக்கு?"

தடித்த படத்தொகுப்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். புலி, சிலுவை, வேல், இறகு, ஆங்கிலத்தில் தன்னம்பிக்கை வாசகங்கள். கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு, "இதுல எது ரொம்ப நேரம் ஆகும்?" என்று கேட்டேன்.

அதுவரை மேசையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "எல்லாரும் எது சீக்கிரம் முடியும்னுதான் சார் கேப்பாங்க."

"எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல."

"அப்ப ஆக்டோபஸ்," என்றாள். "எட்டுக் கால். ஒவ்வொரு கால்லயும் வட்டம் வட்டமா இருக்கும். அத்தனை வட்டத்துக்கும் தனித்தனியா நிழல் குடுக்கணும். மூணு மணி நேரம் ஆகும்."

"அதையே போடுங்க."

இப்படியாக, ஐம்பத்தேழு வயதில், ஒரு கல்லூரியின் வரலாற்றுத் துறைத் தலைவனின் இடது மேல்கையில் கடல்வாழ் உயிரினம் ஒன்று குடியேறியது. தலை தோள்பட்டைக்குக் கீழே இருக்கிறது. கால்களில் சில முழங்கை வரை நீண்டிருக்கின்றன. எனக்கும் கடலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. திருச்சிக்கும் இல்லை.

வலி, கல்லூரி ஆட்சிக்குழுக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பதைவிடக் குறைவு. அவள் இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் குத்தினாள். மூன்று மணி நேரமும் பிடித்திருந்தாள். தொழிலுக்கு அப்படிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அவ்வப்போது, "வலிக்குதா சார்?" "தண்ணி வேணுமா சார்?" "ஃபேன் குறைக்கணுமா சார்?" என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்ற ஒரே பதில் போதுமானதாக இருந்தது. மழை, தலையை வரைந்து முடிப்பதற்குள் நின்றுவிட்டது. அதை இருவரும் குறிப்பிடவில்லை.

கட்டணம் வாங்கிக்கொண்டாள். சலுகை இல்லை. கையின் மேல் மெல்லிய படலம் ஒன்றை ஒட்டி, செய்ய வேண்டியதைச் சொன்னாள். காலையில் படலத்தை எடுக்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் கழுவி, துடைக்காமல் ஒத்தி எடுத்து, களிம்பை இலேசாகப் பூச வேண்டும். வெயில் கூடாது, ஊறக் கூடாது, சொறியவே கூடாது.

"தினம் ஒரு போட்டோ எடுத்துக் கடை நம்பருக்கு வாட்ஸப்ல அனுப்புங்க சார். எப்படி ஆறுதுன்னு பாக்கணும்."

"எல்லாருக்கும் இப்படித்தானா?"

"வயசானவங்களுக்குத் தோல் லேட்டா ஆறும் சார்."

கடைக்காரப் பெண்ணின் முழுப் பெயர் பொற்கொடி. வயது இருபத்தாறு. என் மகள். பலகையில் பெயரின் முன்பாதியை நீக்கிவிட்டிருக்கிறாள். பொன் விற்கிற விலையில் அது புரிந்துகொள்ளக்கூடியதே. அவள் வீட்டை விட்டுத் தனியாகப் போய், எங்களுக்குள் பேச்சு நின்று, வருகிற நவம்பரோடு இரண்டு ஆண்டு. பொறியியல் படித்த பெண் ஊசி பிடிப்பதைப் பற்றி நான் சில கருத்துகளைச் சொன்னேன். என்னைப் பற்றி அவளும் சில கருத்துகளைச் சொன்னாள். தவறு இரண்டு பக்கமும் உண்டு. என் பக்கம் உள்ளது சிறியது.

தோல் ஆறும் வரை மட்டும் இந்தக் குறிப்புகள்.


21 அக்டோபர், திங்கள்

படலத்தை எடுத்தேன். உள்ளே மையும் நிணநீரும் கலந்து, ஆக்டோபஸ் தன் இயல்புப்படி கறுப்பாகக் கக்கியிருந்தது. கழுவினேன். ஒத்தினேன். பூசினேன்.

வீட்டில் பனியனோடு இருப்பது என் வழக்கம். இன்று காலை எழுந்ததிலிருந்து முழுக்கைச் சட்டை.

"குளிருதா?" என்று செண்பகம் கேட்டாள். செண்பகம் என் மனைவி.

"கொஞ்சம்."

"சரி," என்று சொல்லிவிட்டு மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டிவிட்டுப் போனாள். முப்பது ஆண்டு மணவாழ்வில் நான் அறிந்தது இதுதான்: செண்பகம் எதையும் கவனிப்பதில்லை. இத்தகைய விஷயங்களில் அது ஒரு வசதி.

குளியலறையில் படம் எடுத்து அனுப்பினேன். வலது கையால் இடது மேல்கையைப் படமெடுப்பது ஒரு தனிக்கலை. முதலில் என் காது மட்டும் விழுந்தது. அனுப்பிய படத்துக்குப் பதில் வந்தது: "வாசனை சோப்பு போடாதீங்க சார். மாத்துங்க."

சோப்பைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. பிறகு பார்த்தால், படத்தின் ஓரத்தில் சோப்புப் பெட்டி தெரிகிறது. ஓரங்களையும் பார்க்கிறாள்.

மாலையில் கல்லூரியிலிருந்து வந்தபோது குளியலறையில் மணமே இல்லாத புதுச் சோப்பு இருந்தது.

"பழைய சோப்பு எங்க?"

"தீந்துடுச்சு."

நேற்றுப் பிரித்த சோப்பு. சில வகைகள் அப்படி வேகமாகக் கரைந்துவிடுகின்றன.


22 அக்டோபர், செவ்வாய்

இரவில் மை கசிந்து படுக்கை விரிப்பில் கறை. காலையில் அதை மடித்து அடியில் ஒளித்துவைத்தேன். இரவு பார்த்தால் கருநீல விரிப்பு போட்டிருக்கிறது. வெளுக்கப் போட்டிருப்பாள்.

இன்றைய பதில்: "ஓகே சார்."

கல்வெட்டு படிக்கிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. இரண்டு சொல் கிடைத்தாலும் அதில் ஆட்சியாண்டைத் தேடுவான். 'ஓகே'யில் ஒன்றும் இல்லை. 'சார்' இல்லாமலும் அனுப்பியிருக்கலாம், சேர்த்திருக்கிறாள். மரியாதையா, தள்ளி நிறுத்துவதா என்பதற்கு இந்த ஒரு சான்று போதாது. மேலும் சான்றுகள் சேர வேண்டும்.


23 அக்டோபர், புதன்

பொருளியல் துறைத் துரைக்கண்ணு என் சட்டையைப் பார்த்துவிட்டார்.

"என்ன சார் முழுக்கை? இன்டர்வியூ எதுக்காச்சும் போறீங்களா?"

"கொசு."

"பட்டப்பகல்லயா? கிளாஸ்லயா?"

"கிளாஸ்லதான் அதிகம்."

ஏற்றுக்கொண்டார். அவரும் வகுப்பெடுக்கிறவர்.

பதில்: "ஓகே சார்."


24 அக்டோபர், வியாழன்

வெயில். நிழலில் நடந்தேன். படம் அனுப்பினேன். "ஓகே சார்."


25 அக்டோபர், வெள்ளி

அரிப்பு தொடங்கிவிட்டது. பாம்பு சட்டை உரிப்பதுபோல் மெல்லிய கறுப்புச் செதில்கள் உதிர்கின்றன. சொறியக் கூடாது, அரித்தால் மேலே இலேசாகத் தட்டலாம். வகுப்பில் ஒருவன் தன் தோளைத் தானே தட்டிக்கொண்டிருந்தால் தற்பெருமை என்று மாணவர்கள் நினைக்கக்கூடும். பொறுத்துக்கொண்டேன்.

மதியம் ஒழுங்கு நடவடிக்கைக் குழு. நான் தலைவர், துரைக்கண்ணு உறுப்பினர். குற்றவாளி இரண்டாம் ஆண்டு வணிகவியல் மாணவன், பெயர் இன்பராஜ். மணிக்கட்டில் 'செல்வராணி' என்று பச்சை குத்தியிருக்கிறான். கல்லூரியின் மாண்புக்கு ஒவ்வாத வகையில் உடலில் பச்சை குத்திக்கொள்வோர் மீது நடவடிக்கை எடுக்கலாம் என்று ஒரு சுற்றறிக்கை இருக்கிறது. நான் எழுதியதுதான். நடை நன்றாக வந்திருந்தது. அதை எழுதியது இரண்டு ஆண்டுக்கு முந்தைய நவம்பரில். கொடி டாட்டூஸ் திறந்ததும் அதே நவம்பரில். இரண்டுக்கும் தொடர்பு இல்லை.

"யாருப்பா செல்வராணி?" என்றார் துரைக்கண்ணு, விசாரணை சூடுபிடிக்கும் என்ற நம்பிக்கையோடு.

"எங்கம்மா சார்."

துரைக்கண்ணு ஏமாற்றத்தோடு சாய்ந்துகொண்டார். நான் அவன் கையைப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது.

"என்ன தடவியிருக்க?"

"தேங்காயெண்ணெய் சார். அம்மா தடவச் சொன்னாங்க."

"எண்ணெய் வைக்காதே. வெதுவெதுப்பான தண்ணியில கழுவு. வாசனை சோப்பு கூடாது. துடைக்காதே, ஒத்தி எடு. அரிச்சா சொறியாம மேல லேசாத் தட்டு."

துரைக்கண்ணு என்னைப் பார்த்தார். "சார், நாம விசாரணை பண்றோம்."

"குற்றத்தோட தன்மையைத் தெரிஞ்சுக்கணும்ல," என்றேன். பிறகு மாணவனிடம், "எங்க போட்ட?"

"தில்லைநகர்ல சார். கொடி டாட்டூஸ். அந்த அக்கா மொதல்ல போட மாட்டேன்னுட்டாங்க சார். எந்தக் காலேஜ்னு கேட்டாங்க. சொன்னதும், உங்க காலேஜ்ல இதுக்கெல்லாம் விடமாட்டாங்க, அங்க ஒரு வாத்தியார் இருக்காரு, போய் நல்லா யோசிச்சுட்டு வான்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ரெண்டாவது தடவை போனப்பதான் போட்டாங்க."

"அந்த வாத்தியாரைப் பத்தி என்ன சொன்னாங்க?"

"வேணாம் சார்."

"சும்மா சொல்லு."

"மோசமானவருன்னு சொன்னாங்க சார்."

"என்ன மாதிரி மோசம்?"

துரைக்கண்ணு இருமினார். மாணவன் சிறிது யோசித்தான். "ரொம்பப் படிச்சவருன்னு சொன்னாங்க சார்."

சட்டைக் கையை இறக்கிப் பட்டன் போட்டுக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்து அனுப்பிவிட்டோம். கல்லூரியின் மாண்பு பெரும்பாலும் பட்டன் சம்பந்தப்பட்டது.

அந்தச் சுற்றறிக்கை கல்லூரிக்குள் மட்டும் அனுப்பியது. வெளியே எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை.


27 அக்டோபர், ஞாயிறு

சந்தேகம் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. பத்தியம் பற்றிக் கேட்டேன்.

"மோர் சாப்பிடலாமா?"

"சாப்பிடலாம் சார்."

"முருங்கைக்காய்?"

"சாப்பிடலாம் சார்."

"கத்தரிக்காய்?"

பதில் உடனே வந்தது. "கத்திரிக்கா உங்களுக்கு எப்பவுமே சேராது. சித்ரா அத்தை கல்யாணத்துல ஆசைப்பட்டு சாப்பிட்டுட்டு ராத்திரி பூரா சொறிஞ்சீங்களே மறந்துடுச்சா"

நான் வேகமாக வாசிக்கிறவன். முடிப்பதற்கும், அது இருந்த இடத்தில் 'செய்தி நீக்கப்பட்டது' என்று வருவதற்கும் சரியாக இருந்தது. சிறிது நேரம் கழித்து வேறொன்று வந்தது: "தவிர்க்கவும் சார்."

முதலில் வந்தது வேறு வாடிக்கையாளருக்குப் போக வேண்டியதாக இருக்கும். பலருக்கும் சித்ரா என்று அத்தை இருப்பார்கள். இருந்தாலும் கத்தரிக்காய் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று சமையலறைக்குப் போனேன். செண்பகம் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். யோசித்துப் பார்த்தால் இந்த வாரம் முழுவதும் வீட்டில் கத்தரிக்காய் வரவே இல்லை.


28 அக்டோபர், திங்கள்

படம் அனுப்பினேன். பதில் இல்லை.

வெளிச்சம் போதவில்லையோ என்று வாசலில் நின்று இன்னொன்று அனுப்பினேன். எதிர்வீட்டு அம்மாள் பார்த்துவிட்டார். தடுப்பூசி என்று சொல்லிவிட்டேன். பதில் இல்லை. ஒரு டிக் மட்டும் விழுந்தது.

எனக்கு இதில் கவலை ஒன்றும் இல்லை. தோல் விஷயம் என்பதால் நிபுணரின் கருத்து தெரிந்தால் நல்லது, அவ்வளவுதான். மாலையில் அந்தப் பக்கமாக நடந்துவிட்டு வரலாமா என்று செருப்பை மாட்டினேன்.

செண்பகம் வெங்காயம் உரித்தபடி, யாரும் கேட்காமலே, "தில்லைநகர்ல இன்னிக்குப் பூரா கரண்ட் இல்லையாம். போனுக்கு சார்ஜ் போடக்கூட முடியலையாம்," என்றாள்.

"யாருக்கு?"

"பொதுவா எல்லாருக்கும்தான்."

செருப்பைக் கழற்றினேன். கரண்ட் வந்தபின் பதிலும் வந்தது. "ஓகே சார். நல்லா ஆறுது."

ஓகேயோடு நிற்கவில்லை. கூடவே இரண்டு சொல்.


30 அக்டோபர், புதன்

இன்று வந்தது, முழுவதும்:

"நல்லா ஆறிடுச்சு சார். ரெண்டு கால்ல மட்டும் பொருக்கு இருக்கு, தானா உதிரும், பிச்சுடாதீங்க. நாளைக்கு எண்ணெய் தேச்சுக் குளிக்க வேணாம். சீயக்காய் கூடவே கூடாது. இனிமே போட்டோ அனுப்ப வேண்டியதில்ல. கொடி டாட்டூஸைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி."

கடைசி வரி எல்லோருக்கும் போவது.

"மறுபடி ஒரு முறை நேரில் காட்ட வேண்டாமா?" என்று கேட்டேன்.

"எங்கயாச்சும் மை விட்டுப் போயிருந்தா மட்டும் டச்சப்புக்கு வரணும் சார். நான் சொன்னதெல்லாம் கரெக்டா செஞ்சிருக்கீங்க. உங்களுக்குத் தேவைப்படாது."

எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்ததன் பலன் இது. கழுவச் சொன்னபோது கழுவினேன், ஒத்தச் சொன்னபோது ஒத்தினேன், அரித்தபோது தட்டினேன். முதல் வகுப்பில் தேறியவனுக்கு மறுதேர்வு கிடையாது. இதை மாணவர்களிடம் பலமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

இரவு சாப்பாட்டில் உப்புக் குறைவு. செண்பகம் எடுத்து ருசி பார்த்துவிட்டு, "சரியாத்தானே இருக்கு," என்றாள். என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு செல்பேசியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். காய்ந்த துணியை எடுக்க என்றாள். மதியத்திலிருந்து மழை. துணியெல்லாம் கூடத்துக் கொடியில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இந்தக் குறிப்புகளை இத்துடன் முடித்துக்கொள்ளலாம்.


31 அக்டோபர், வியாழன், தீபாவளி

முடித்துக்கொள்ள முடியவில்லை.

விடிவதற்கு முன்பே செண்பகம் எழுப்பிவிட்டாள். கூடத்தில் கோலம், கோலத்தின் மேல் மணை. பக்கத்தில் மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய்.

"சட்டையைக் கழட்டுங்க."

"தலைக்கு மட்டும் வை. போதும்."

"தலைக்கு மட்டும் தீபாவளியா? கழட்டுங்கன்னா."

கழற்றினேன். வேறு வழி தெரியவில்லை. முப்பது ஆண்டு மனைவியிடம் ஒரு ஆக்டோபஸை எப்படி அறிமுகப்படுத்துவது என்று பத்து நாளாக வாக்கியங்கள் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. அவள் குனிந்து பார்த்தாள்.

"இவ்வளவுதானா? போட்டோல இன்னும் பெருசாத் தெரிஞ்சுது."

"எந்த போட்டோல?"

"டிவில காட்டினான்ல. கடல்ல." எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டாள். "கையை நீட்டுங்க."

"இந்தக் கையில எண்ணெய் படக்கூடாது. சொல்லியிருக்காங்க."

"யாரு?"

"போட்டவங்க."

"போட்டவங்களுக்குப் பேர் இல்லையா?"

தலையில் மூன்று சொட்டு வைத்தாள். மீதி எண்ணெய் முழுவதும் இடது கைக்கு. பிறகு குளியலறைக்குக் கூட்டிப்போய்ச் சீயக்காயைக் குழைத்தாள். பிறகு தேங்காய் நாரை எடுத்தாள். எல்லா வருஷமும் தலைக்குத் தேய்த்துவிட்டு, மற்றதை நீங்களே பாத்துக்குங்க என்று போய்விடுகிறவள். இன்று நின்று தேய்த்தாள், இடது கையை மட்டும். என் வலது கைக்கு இந்த வருஷம் தீபாவளியே வரவில்லை.

"செண்பகம், போதும்."

"இருங்க. இந்தக் கால்ல கெட்டியா ஒட்டிக்கிட்டிருக்கு."

"அது தானா உதிரணும்."

"நீங்க எதைத்தான் தானா உதிர விட்டீங்க?"

"வலிக்குது."

"வலிக்கட்டும்," என்றாள். நாரை நிறுத்தவில்லை. "இது ஆறிப்போச்சுன்னா அப்புறம் என்ன பண்ணுவீங்க? சொல்லுங்க. இன்னொரு மழை வரட்டும்னு உக்காந்திருப்பீங்களா?"

சீயக்காய் கண்ணில் பட்டுவிட்டது. வெகுநேரம் எரிந்தது.

தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது இரண்டு கால்களில் பொருக்கோடு மையும் போயிருந்தது. சிவந்து, அங்கங்கே வெளுத்து, யாரோ ரப்பரால் அழித்த மாதிரி இருந்தது. செண்பகம் தலையைச் சாய்த்து, தோசை வெந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"ஜன்னல்கிட்ட நில்லுங்க. அங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கும். ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

"போட்டோ வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

"அனுப்புங்க."

அனுப்பினேன். புது வேட்டியை இடுப்பில் சுற்றி முடிப்பதற்குள் போன் அடித்தது. செய்தி அல்ல, அழைப்பு. இரண்டு ஆண்டுகளில் முதல் அழைப்பு.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க? எண்ணெய் வேணாம், சீயக்காய் வேணாம்னு நேத்து சொன்னேனா இல்லையா? ஊருக்கெல்லாம் சர்க்குலர் எழுதத் தெரியுதுல்ல, நாலு வரி படிக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்."

"யாரு இப்படித் தேச்சது?"

"அம்மா."

அந்தப் பக்கம் எங்கோ சரவெடி வெடித்து ஓய்ந்தது.

"நார் போட்டா?"

"நார் போட்டுத்தான்."

"அவங்ககிட்ட குடுங்க."

செண்பகம் வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். இரண்டு ஆண்டாக இவளும் மகளோடு பேசாமல்தான் இருக்கிறாள் என்பது என் எண்ணம். அப்படிப்பட்டவர்கள் முதலில் நலம் விசாரித்துக்கொள்வார்கள். இவள், "கீழ்வீட்டுக்காரம்மா சாவி குடுத்துட்டாளா?" என்று தொடங்கினாள். பிறகு, "எனக்கென்னடி தெரியும், பழக்கதோஷத்துல தேச்சுட்டேன்." பிறகு நீண்ட சிரிப்பு. பிறகு குரல் தாழ்ந்துவிட்டது, எனக்குக் கேட்கவில்லை. கேட்பதற்காக நான் கதவருகே போனேன் என்று சொல்ல முடியாது. தண்ணீர் குடிக்கப் போனேன்.

போன் மறுபடி என்னிடம் வந்தது.

"ஒரு மாசம் நல்லா ஆற விடுங்க. அப்புறம் வாங்க, டச்சப் பண்ணணும். அதுவரைக்கும் அம்மாவைக் கிட்ட விடாதீங்க. தினம் போட்டோ அனுப்புங்க."

"சரி."

"பலகாரம் சாப்பிட்டாச்சா?"

"இனிமேதான்."

"சரி வைங்க," என்றாள். ஆனால் அவள் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. போனில் சார்ஜ் தீர்ந்துதான் அணைந்தது.


9 நவம்பர், சனி

ஆக்டோபஸுக்கு இப்போது ஆறு கால்கள் நன்றாகவும் இரண்டு அரைகுறையாகவும் இருக்கின்றன. சிவப்பு அடங்கிவிட்டது. அரிப்பு இல்லை.

தினமும் படம் அனுப்புகிறேன். பதில்: "ஓகே." 'சார்' இப்போது வருவதில்லை. தட்டச்சு செய்யும் நேரத்தை மிச்சப்படுத்துகிறாள்.

பச்சை குத்துவோர் பற்றிய சுற்றறிக்கையைத் திரும்பப் பெறலாம் என்று குழுவில் முன்மொழிந்தேன். துரைக்கண்ணு காரணம் கேட்டார். நடை சரியில்லை என்றேன். எடுத்து வாசித்துப் பார்த்துவிட்டு, "ஆமா சார், அப்பவே எனக்குத் தோணுச்சு," என்றார். அப்போது அவர்தான் எழுந்து நின்று பாராட்டினார்.


1 டிசம்பர், ஞாயிறு

மழை இல்லை. இருந்தாலும் இரண்டாவது மாடிக்கு ஒதுங்கினேன்.

கிளம்பும்போது செண்பகம் ஒரு டப்பா நிறைய முறுக்கைக் கொடுத்தாள்.

"நீயும் வாயேன்."

"நான் வந்தா அவ என்கிட்டயே பேசிக்கிட்டிருப்பா. நீங்க சுவரைப் பாத்துக்கிட்டிருப்பீங்க. போய்ட்டு வாங்க."

கடையில் வேறு யாரும் இல்லை. ஞாயிறு மாலையில் கூட்டம் இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். கதவில் 'இன்று விடுமுறை' என்று அட்டை தொங்கியது. கதவு திறந்திருந்தது.

டப்பாவைத் திறந்து ஒன்றை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டாள். "ஓமம் ஜாஸ்தி," என்று சொல்லிவிட்டு இன்னொன்றை எடுத்தாள். பிறகு கையைக் கழுவி, உறையை மாட்டி, விளக்கை இழுத்து என் கையின் மேல் சாய்த்தாள். வெளுத்துப்போன கால்களைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"எப்படித்தான் தேச்சாங்களோ. பாத்திரம் விளக்குற மாதிரி."

"உங்கம்மா எதைச் செஞ்சாலும் முழுசாச் செய்வா."

ஊசி ஓடத் தொடங்கியது.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"அன்னிக்கு இல்லன்னீங்க?"

"அன்னிக்குக் கஸ்டமர்."

ஒரு வட்டத்தை முடித்து அடுத்ததற்குப் போனாள். நான் சுவரைப் பார்த்தேன். செண்பகம் சொன்னது சரிதான். பார்ப்பதற்கு அங்கே நிறைய இருக்கிறது. புலிகள், இறகுகள், விலைப்பட்டியல், 'வீட்டுக்கு வந்து டாட்டூ போடப்பட மாட்டாது' என்ற அறிவிப்பு.

"ஒண்ணு கேக்கவா?" என்றாள், கையைப் பார்த்தபடியே. "எதுக்கு ஆக்டோபஸ்? பிடிக்குமா?"

"பிடிக்கும் பிடிக்காதுன்னு நெனச்சதே இல்ல."

"அப்புறம்?"

"மூணு மணி நேரம் ஆகும்னு சொன்னேல்ல."

ஊசி நின்றது. மின்னழுத்தம் குறைந்துவிட்டது போலிருக்கிறது, ஆனால் விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. அவள் திரும்பி, மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டாள். கையுறை போட்டிருக்கும்போது அப்படித்தான் துடைக்க முடியும். பிறகு என் கையை மறுபடி பிடித்துக்கொண்டாள். முதல் நாளைவிட அழுத்தமாகப் பிடித்தாள். டச்சப்புக்கு அப்படித் தேவைப்படும்.

ஒரு கால் முடிந்தது. புதிதுபோல் இருந்தது. அடுத்த காலில் ஒரே ஒரு வட்டத்துக்கு நிழல் கொடுத்துவிட்டு நிறுத்தினாள். ஊசியை வைத்துவிட்டுக் கையுறைகளைக் கழற்றினாள்.

"இந்தக் கால் இன்னிக்கு முடியாது. மை தீந்துடுச்சு."

"சரி. எப்ப வரணும்?"

"நீங்க வர வேணாம்." டப்பாவை மூடிக்கொண்டே, மூடி சரியாகப் பொருந்தவில்லை என்பதுபோல் அதையே பார்த்துச் சொன்னாள். "பொங்கலுக்கு வீட்டுலதான இருப்பீங்க? மெஷினை எடுத்துட்டு வரேன். அங்கயே உக்காந்து முடிச்சுடலாம்."

"இருப்போம்."

"நாலு நாள் லீவு. மெதுவாப் போடலாம்."

"அவசரம் ஒண்ணும் இல்ல," என்றேன்.

கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன். "வேலை முடிஞ்சாத்தான் காசு," என்றாள்.

சுவரில் இருந்த அறிவிப்பை நான் சுட்டிக்காட்டவில்லை. அவள் தலைக்கு நேர் மேலே அலமாரியில் கறுப்பு மைப் புட்டிகள் மூடி பிரிக்காமல் வரிசையாக நின்றன. அவை வேறு கறுப்பாக இருக்க வேண்டும்.